இங்கே பிறந்தவர்கள் எந்த நாட்டவர்?

திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே பேட்லாக் மிஷின் ஓட்டும் தம்பி ஒருவரைச் சில ஆண்டுகளாகத் தெரியும். சரக்கு ஏற்றும் அவசரத்தில் ஒன்றரை ஷிப்டு, இரண்டு ஷிப்டு என்று இழுத்தாலும் முகம் சுளிக்காமல் நிற்பவர். ஆனால் மாதத்தில் ஒரு நாள் கட்டாயம் லீவு கேட்பார். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருமுறை கடிந்துகொண்டார்.

“நாளைக்குச் சரக்கு போகோணும் தம்பி. அப்படியென்ன தலைபோற வேலை?”

“பதிவுங்கண்ணா.”

“பத்திரப் பதிவா? இடங்கிடம் வாங்கிட்டயா?”

“இல்லீங்கண்ணா, முகாம் பதிவு. ஆள் நேர்ல நிக்கோணும்.”

சூப்பர்வைசருக்கு விளங்கவில்லை. விளங்காததில் வியப்பும் இல்லை. அந்தத் தம்பியின் வாயில் வருவது சுத்தமான கொங்குத் தமிழ். பிறந்தது 1998இல், சத்தியமங்கலம் அரசு மருத்துவமனையில். படித்தது அரசுப் பள்ளியில். பவானிசாகர் அணையில் தண்ணீர் எத்தனை அடி இருக்கிறது என்று தினமும் பார்க்கிற ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் 1990இல் மன்னாரிலிருந்து படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அதனால் அரசாங்கப் பதிவேட்டில் இவர் அகதிகள் முகாமில் பதிவான இலங்கைக்காரர். இலங்கையை இவர் கண்ணால் பார்த்ததில்லை.

சூப்பர்வைசர் வாய்தவறிக் கேட்ட கேள்வியிலும் ஒரு உண்மை இருக்கிறது. இந்தத் தம்பி இடம் வாங்க முடியாது. அந்நியச் செலாவணி விதிகளின்படி, இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகம் இவருக்கு எட்டாத இடம். முகாம் பதிவுதான் இவருக்கு வாய்த்த பதிவு.

வேறு நாடுகளில் இந்தப் பிரச்சினை ‘ஆவணமில்லாத இளம் குடியேறிகள்’ என்ற பெயரில் பேசப்படுகிறது. அமெரிக்காவில் குழந்தையாகப் பெற்றோருடன் எல்லை தாண்டி வந்து அங்கேயே வளர்ந்தவர்களுக்காக ‘ட்ரீம்’ சட்ட முன்வடிவு 2001இல் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டது. 2010இல் கீழவையில் நிறைவேறி மேலவையில் விழுந்தது. 2012 ஜூனில் ஒபாமா நிர்வாகம் நாடு கடத்தலைத் தள்ளிவைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கால் நூற்றாண்டு ஆகியும் அந்நாட்டுச் சட்டமன்றம் அவர்களுக்கு ஒரு முடிவு சொல்லவில்லை. நம் ஊர் நிலைமை வேறு. இங்கே இவர்களிடம் ஆவணம் இல்லாமல் இல்லை. முகாம் அடையாள அட்டை இருக்கிறது. தமிழ்நாடு அரசு கொடுத்த பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. பலரிடம் ஆதாரும் உண்டு. ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று அந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது. வருவாய்த் துறைக்கும் உளவு பார்க்கும் கியூ பிரிவு போலீசுக்கும் இவர்கள் ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். நாட்டிலேயே அரசாங்கம் இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கும் மக்கள் கூட்டம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். இவர்களுக்குக் கிடைக்காதது ஒரே ஒரு காகிதம்தான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் வரத் தொடங்கின. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது இரண்டாவது அலை வந்தது. தொண்ணூறுகளின் நடுவிலும், 2006க்குப் பிறகும் மேலும் வந்தார்கள். மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தந்த கணக்குப்படி, 29 மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாடகை வீடுகளில் இருந்தவர்கள் 34,087 பேர். அந்த மாதம்தான் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டது. ரூ.317.40 கோடிக்குத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அதில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் அடக்கம். குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. நல்ல காரியங்கள்தான். ஒரு மாநில அரசால் செய்ய முடிந்ததன் எல்லையும் அதுவே. குடியுரிமை மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்தின் கையில் கொடுத்திருக்கிறது.

திருப்பூரைச் சுற்றிலும் முகாம்கள் இருக்கின்றன. ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர், அறச்சலூர். கோவை மாவட்டத்தில் பூலுவபட்டி, மேட்டுப்பாளையம் வேடர் காலனி. கரூரில் இராயனூர். முதல் தலைமுறை ஆண்களுக்குப் பெரும்பாலும் பெயிண்ட் அடிக்கிற வேலை. இன்றும் முகாம் என்றால் பெயிண்டர்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அடுத்த தலைமுறைக்குப் பனியன் கம்பெனி வந்தது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது. கைமடியாகச் சேர்ந்தவர் ஓவர்லாக் பழகி, பேட்லாக் பழகி, பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்துவிடலாம். பெண்கள் செக்கிங், பேக்கிங்கில் இருக்கிறார்கள். கல்லூரி முடித்தவர்கள் மெர்ச்சன்டைசராகவும் கணக்குப் பிரிவிலும் சேர்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வரும் தொழிலாளியும் இவர்களும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் நாளைக்கே இங்கே வாக்காளர் அட்டைக்கு மனுப் போடலாம். அது அவருடைய உரிமை, வரவேற்க வேண்டியது. தமிழை இங்கே வந்து கற்றுக்கொண்டவருக்கு இருக்கும் அந்த உரிமை, தமிழ்நாட்டிலேயே பிறந்தவருக்கு இல்லை என்பதுதான் மனதை அறுக்கிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்காக வீடு வீடாகப் படிவம் கொடுத்துக்கொண்டு வந்தார்களே, முகாம் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

பாஸ்போர்ட் என்பது இந்தத் தொழிலில் ஆடம்பரம் அல்ல. மெர்ச்சன்டைசருக்கு ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பையரைப் பார்க்க வெளிநாடு போக வேண்டிவரும். சாம்பிளை எடுத்துக்கொண்டு போய், துணியின் எடையும் நிறமும் பேசி, ஆர்டரோடு திரும்பினால்தான் அடுத்த படி. முகாமில் பிறந்த பட்டதாரிக்கு அந்தப் படி எப்போதும் எட்டாததாகவே இருக்கும். அவருக்குக் கீழே சேர்ந்தவர் விமானம் ஏறுவார். இவர் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பார். சட்டம் படித்தால் வழக்கறிஞராகப் பதிய முடியாது; 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் குடியுரிமை கேட்கிறது. அரசு வேலைத் தேர்வுக்கு மனுப் போடும் இடத்திலேயே ‘நாட்டுரிமை’ என்ற கட்டம் நிற்கிறது. நன்றாகப் படித்த பிள்ளை கடைசியில் மிஷினுக்கு வருவதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் முதலில் பெருந்தன்மையாகத்தான் இருந்தது. இந்த மண்ணில் பிறந்தால் குடிமகன், அவ்வளவுதான். 1986இல் வந்த திருத்தம் 1987 ஜூலை 1ஆம் தேதியை ஒரு கோடாகப் போட்டது. அந்தத் தேதி முதல் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 2004 டிசம்பர் 3இல் இன்னொரு கோடு போட்டது. அதன் பிறகு பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இல்லாதிருக்க வேண்டும். உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்த அயல்நாட்டவர் எல்லோரும் சட்டவிரோதக் குடியேறிகள் என்று அதே திருத்தம் வரையறுத்தது. அப்படிப்பட்டவர் பதிவு வழியாகவோ இயல்புரிமை வழியாகவோ குடியுரிமை கேட்கும் பாதையையும் அடைத்துவிட்டது. குண்டு விழும்போது பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துக்கொண்டு படகேறியவர் யார்?

இந்தக் கோடுகளின் வேலையை ஒரே குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். மண்டபம் முகாமில் 1987 ஜூன் மாதம் பிறந்த அக்கா பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். அதே முகாமில், அதே ஓலைக்கூரையின் கீழ், அதே தாய்க்கு 1989இல் பிறந்த தம்பி அயல்நாட்டவர். அக்கா செய்த புண்ணியமும் இல்லை, தம்பி செய்த குற்றமும் இல்லை.

இரண்டாவது கோடு திருப்பூருக்கு இன்னும் நெருக்கமானது. ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொள்வது இங்கே புதிதல்ல. முகாம் இளைஞர் ஒருவர் தாராபுரத்துப் பெண்ணையோ வேடசந்தூர்ப் பெண்ணையோ கட்டிக்கொள்கிறார். அந்தப் பெண் பல தலைமுறையாக இந்தியர். ஆனால் படகில் வந்த கணவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று கொண்டால், அவர்களுடைய குழந்தை, சட்டத்தின் எழுத்துப்படி, பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆகாது. தாயின் குடியுரிமை தன் பிள்ளைக்குப் போதாது என்று ஒரு நாடு சொல்வது எவ்வளவு கடுமையான சொல் என்பதை நம் சட்டம் இயற்றுகிறவர்கள் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகள் இலங்கைக் குடிமக்கள்தானே என்று கேட்கலாம். அதுவும் தானாக வருவதில்லை. இலங்கைக்கு வெளியே பிறந்த குழந்தையின் பிறப்பைத் தூதரகத்தில் பதிந்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை கிடைக்கும். பெற்றோரின் பழைய சான்றிதழ்கள் வீட்டோடு எரிந்துபோன குடும்பங்களுக்கு இது எளிதான வேலையில்லை. எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகளாக இந்தப் பதிவுக்கு உதவி வந்திருக்கிறது. பதிவாகாதவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக நிற்கிறார்கள். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ, நாடற்றோர் குறித்த 1954, 1961ஆம் ஆண்டு உடன்படிக்கைகளிலோ இந்தியா சேரவில்லை. ஆனால் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992இல் ஏற்றிருக்கிறது; ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டுரிமை பெறும் உரிமை உண்டு என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது.

முகாமில் இருப்பவர்களில் ஒரு பகுதியினரின் கதை இன்னும் பழையது, இன்னும் வலியானது. இவர்கள் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் கூட்டிப்போன நம் சனங்களின் பேரப்பிள்ளைகள். 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு போட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடும் முன் யாரிடமும் எங்கே போக விருப்பம் என்று கேட்கவில்லை. தாயகம் திரும்பியவர்களுக்காக நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள், ரெப்கோ வங்கி வந்தது, நூற்பாலைகளில் வேலை கொடுத்தார்கள். ஆனால் எல்லோரும் வந்து சேரவில்லை. எழுபதுகளின் கலவரங்களில் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டி விவசாயம் செய்தவர்கள் இருந்தார்கள். 1984இல், தாயகம் திரும்புகிறவர்களை ராமேஸ்வரம் கொண்டுவந்த தலைமன்னார் கப்பலும் நின்றது. பிறகு போர் அவர்களையும் துரத்தியது. படகேறி வந்தபோது ஒப்பந்தம் அவர்களுக்குத் துணை வரவில்லை. அகதி என்று எழுதிக்கொண்டார்கள். இந்திய அரசு எழுத்தில் ஏற்ற பொறுப்பு இது. அதன் பாக்கி இன்னும் முகாம்களில் இருக்கிறது.

இந்தப் பாக்கியைக் கேட்டு 65 பேர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். திருச்சி கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினர். 1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்களின் குடியுரிமை மனுக்களை ஏற்க வேண்டாம் என்று மத்திய உள்துறை மாநிலத்துக்கு எழுதியிருந்ததே அவர்களுக்கு எதிரே நின்ற சுவர். 2019 ஜூன் 17இல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். சட்டத்தின் நுணுக்கப்படி இவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளே, ஆனாலும் அதைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசிடம் உண்டு, மனுக்களைப் பரிவோடு பார்த்து 16 வாரத்தில் முடிவெடுங்கள் என்பது அதன் சாரம். 2022 ஆகஸ்டில் இன்னொரு வழக்கு. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டிருந்தது. 1987 கோட்டுக்கு முன்பே பிறந்தவர், எனவே பிறப்பால் இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பெண் 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். முகாமிலிருந்து வாக்குச்சாவடிக்குப் போக அவருக்கு ஏறக்குறைய 38 வயது ஆகவேண்டியிருந்தது.

நீதிமன்றங்கள் செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதர், ஒரு வழக்கு, ஒரு வக்கீல், பல வருடம் என்று போனால் இந்தக் கணக்கு எப்போது தீரும்? நீதிமன்றத்தின் மனநிலையும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. 2025 மே மாதம், தண்டனைக் காலம் முடித்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்ம சத்திரமல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னது. அந்த வழக்கின் விவரம் வேறாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டு முகாம்களில் எத்தனை பேர் தூங்காமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். சத்திரத்தில் தங்குகிறவன் வழிப்போக்கன். சத்தியமங்கலத்தில் பிறந்தவன் வழிப்போக்கன் அல்ல.

2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இதே ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரையை ஒரு கூட்டத்தாருக்கு அழித்துக் காட்டியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது. விதிகள் 2024 மார்ச்சில் வந்தன. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சட்டம் மதத்தை அளவுகோலாக்கியது தவறு என்பது என் கருத்து; தமிழ்நாடு சட்டமன்றமும் 2021 செப்டம்பரில் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. எப்படியிருந்தாலும், நாடாளுமன்றம் நினைத்தால் ஒரே திருத்தத்தில் முத்திரையை அழிக்கலாம் என்பது அதில் நிரூபணமாகிவிட்டது. 2025 செப்டம்பரில், புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ் வந்த விலக்கு ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்றது. இது பெரிய ஆறுதல்தான். வந்தது குற்றமல்ல என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு, வந்தவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளை அயலாராக வைத்திருக்க என்ன நியாயம் மிச்சமிருக்கிறது?

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. திருப்பூரில் இருந்துகொண்டு அது முடியவும் முடியாது. போலி ஆதார் அட்டையோடு வேலை பார்த்ததாக வங்கதேசத்தவர்களைப் போலீஸ் பிடித்த செய்திகள் இங்கே அடிக்கடி வருகின்றன. குடியுரிமைக் கதவைத் திறந்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற பயம் தொழில் நடத்துகிறவர்களிடமும் தொழிலாளிகளிடமும் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு நிலைமைகளையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஒருவர் அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருப்பவர். மற்றவர் நாற்பது வருடமாக மாதாமாதம் அரசாங்கத்தின் முன் வந்து நின்று பேர் கொடுத்தவர். ஒரு கடைசித் தேதியைச் சட்டத்திலேயே எழுதிவிட்டால் புதிதாக யாரும் நுழைய முடியாது. போர் 2009 மே மாதம் முடிந்துவிட்டது. பதிவேடு அரசின் அலமாரியில் இருக்கிறது. எண்ணிக்கை கூடுவதற்கு வழியே இல்லை.

திரும்பிப் போகலாமே என்பது இன்னொரு வாதம். போக விரும்புகிறவர்கள் போகிறார்கள், ஐ.நா. அகதிகள் ஆணையம் வழியாகப் பலர் போயிருக்கிறார்கள். 2025 மே மாதக் கடைசியில் அப்படிப் போன முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில், முன்பு முறைப்படி நாட்டை விட்டுப் போகவில்லை என்று கைது செய்யப்பட்ட செய்தி வந்தது. பெற்றோருக்காவது திரும்பிப் போக ஓர் ஊர் நினைவில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது ‘திரும்புதல்’ ஆகாது. முதல்முறையாக ஓர் அயல்நாட்டுக்குப் போவதாகும்.

மூன்றாவது வாதம் தமிழர்களுக்குள்ளிருந்தே வருகிறது, அதனால் மதித்துப் பேச வேண்டியது. எல்லோருக்கும் இந்தியக் குடியுரிமை கொடுத்துவிட்டால் மன்னாரிலும் வவுனியாவிலும் தமிழர் எண்ணிக்கை நிரந்தரமாகக் குறையும், விட்டு வந்த காணி கைமாறிவிடும், ஈழத்தின் கோரிக்கை பலவீனமாகும் என்கிறார்கள். இந்தக் கவலை பொய்யல்ல. முகாமிலேயே ஒரே வீட்டில் தாத்தா ஊருக்குப் போகத் துடிப்பதையும் பேத்தி இங்கேயே இருக்க நினைப்பதையும் பார்க்கலாம். ஆகவே குடியுரிமை யார் மேலும் திணிக்கப்படக் கூடாது. 1964இல் கேட்காமல் பங்கு போட்ட தப்பை மறுபடி செய்யக் கூடாது. ஆனால் ஒரு நிலத்தின் மீதான உரிமையைக் காப்பாற்றும் பாரத்தை, அந்த நிலத்தைப் பார்த்தேயிராத இருபது வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றிவைத்து, அவளை எங்கேயும் குடிமகளாக இல்லாமல் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வழி உண்டா என்றால், நம் சட்டப் புத்தகத்திலேயே உண்டு. 1985இல் அசாமுக்காகக் குடியுரிமைச் சட்டத்தில் 6ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1966க்கு முன் வந்தவர்கள் குடிமக்கள். 1966 முதல் 1971 மார்ச் 24 வரை வந்தவர்கள் பதிந்துகொண்டு, பத்து வருடம் கழித்து வாக்குரிமையோடு குடிமக்கள். ஒரு மாநிலத்தின் தனி வரலாற்றுக்குத் தனிப் பிரிவு. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அது செல்லும் என்றது. 2015இல் வங்கதேசத்தோடு எல்லை நிலங்களை மாற்றிக்கொண்டபோது, பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நள்ளிரவில் இந்தியரானார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், அருணாசலப் பிரதேசத்துச் சக்மா, ஹஜோங் அகதிகளுக்கு மூன்று மாதத்தில் குடியுரிமை கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது.

இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் பல லட்சம் பேரை நாடற்றவர்களாக்கிய அதே நாடாளுமன்றம், 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1964 முதல் அங்கே இருந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் ஒரு அறிவிப்பால் குடிமக்களானார்கள். 2009இல் அதைத் திருத்தி, போரால் இந்தியாவுக்கு வந்துவிட்டவர்களுக்கும் விரித்தார்கள். அந்த ஊர்ச் செயலில் நமக்கு ஆயிரம் குறை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை முந்திவிட்டார்கள் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கேட்பது இதுதான். குடியுரிமைச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு. 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்து, முகாமிலோ காவல் நிலையத்திலோ பதிவான இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள், விரும்பி மனுப் போட்டால், பிறந்த நாளிலிருந்தே இந்தியக் குடிமக்கள். கைக்குழந்தையாகவோ சிறு பிள்ளையாகவோ தூக்கி வரப்பட்டு இங்கே வளர்ந்தவர்களுக்குப் பதிவு வழியாக உரிமை. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் கீழ் வரவேண்டியிருந்த குடும்பங்களுக்கு முதல் வரிசை. சான்றாக முகாம் பதிவேடும் தமிழ்நாடு அரசின் பிறப்புச் சான்றிதழும் போதும். எரிந்துபோன யாழ்ப்பாணத்துக் கச்சேரிக் காகிதத்தைக் கேட்கக் கூடாது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இதே சட்டத்தின் 5(4) பிரிவு, சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால் எந்த மைனரையும் இந்தியக் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம் என்கிறது. ‘எந்த மைனரையும்’ என்றுதான் இருக்கிறது. இன்று முகாம் பால்வாடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு, நாடாளுமன்றம் கூடாமலே, உள்துறை அமைச்சகம் ஒரு உத்தரவில் வாழ்க்கையைத் திறந்துவிட முடியும். பதினெட்டு வயது முடிந்துவிட்டால் அந்தப் பிரிவும் கைவிட்டுவிடும். வருடத்துக்கு வருடம் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் கட்சிவேறுபாடு இல்லாமல் பேசக்கூடிய விஷயம் இது. தேர்தல் அறிக்கைகளில் ஈழத் தமிழர் குடியுரிமை பற்றிய வரி மறக்காமல் வருகிறது. அந்த வரி தில்லிக்குப் போய்ச் சேர்ந்து மசோதாவாக மேசையில் வைக்கப்பட வேண்டும். மாநிலங்களவையில் திருச்சி சிவா திருநங்கையர் உரிமைக்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் நிறைவேறியது. தனியொரு உறுப்பினர் முனைந்தால் அவையே கேட்கும் என்பதற்கு அது நம் கண்முன் நடந்த சாட்சி.

திருப்பூரின் ஏற்றுமதியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பஞ்சு வரிக்கும் அமெரிக்க வரிக்கும் தில்லியில் மனுக் கொடுக்கப் போகும்போது, அந்தக் கோப்பில் இந்தப் பிள்ளைகளுக்காகவும் ஒரு பக்கம் வையுங்கள். தொழிற்சங்கங்களும் கூலி ஒப்பந்தக் கோரிக்கையோடு இதையும் சேர்க்கட்டும். உங்கள் மிஷினில்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக, இதைப் படிக்கிறவர்களுக்கு. பவானிசாகர் நீலகிரி மக்களவைத் தொகுதியில் வருகிறது. அறச்சலூர் ஈரோட்டில். பூலுவபட்டி பொள்ளாச்சியில். திருப்பூருக்கென்று ஒரு உறுப்பினர் இருக்கிறார். முகாமில் பிறந்த அந்தப் பேட்லாக் டெய்லர் இந்த நால்வரில் ஒருவருக்கும் ஓட்டுப் போட முடியாது. அதனால் அவர் எழுதும் கடிதத்துக்கு யாரும் பயப்படப் போவதில்லை. நமக்கு ஓட்டு இருக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள்.